மூடிப்போன திரட்டிகளுக்குத் தினமும் தகவல் அனுப்பிய ஒரு தளம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியிலிருந்து நடக்கும் ஒரு வேளாண் தகவல் தளம் இது. ஈரோட்டு மஞ்சள், பெருந்துறைக் கொப்பரை, உள்ளூர்க் காய்கறி என்று தினசரி விலை நிலவரம் வரும். நடுநடுவே மழை, பூச்சித் தாக்குதல் பற்றிய குறிப்புகளும், மாதத்துக்குச் சில நீண்ட கட்டுரைகளும் உண்டு. தொடங்கியவர் வேளாண் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இங்கே அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். விலை விவரத்தை ஏற்றுவது ஒரு பெண் ஊழியர், தளத்தின் வடிவமைப்பைப் பார்த்துக்கொள்வது ஓர் இளைஞர். நான் வெளியிலிருந்து சர்வர் வேலைகளைக் கவனித்துக் கொடுப்பவன்.

2006-இல் இது ஒரு சாதாரண வலைப்பதிவாகத்தான் தொடங்கியது. அன்றைய தமிழ் வலைப்பதிவுகளுக்கு வாசகர் வந்த வழி திரட்டிகள்தான். பல வலைப்பதிவுகளின் புது இடுகைகளை ஒரே முகப்பில் காட்டும் தளங்கள் அவை. தமிழ்மணம் 2004-இல் வந்தது, பின்னால் தேன்கூடு, தமிழ்வெளி, தமிழிஷ் என்று வரிசையாக வந்தன. இடுகையைப் போட்டதும் திரட்டியின் பட்டையில் உள்ள பொத்தானை அழுத்தி 'புதிதாக எழுதியிருக்கிறேன்' என்று சொன்னால் முகப்பில் பெயர் ஏறும். சில மணி நேரம் மேலே நிற்கும், பிறகு அடுத்தவர் இடுகைகள் கீழே தள்ளிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் வருகிறவர்தான் வாசகர்.

ஆங்கிலப் பதிவுலகில் இதே வேலை தானாக நடந்தது. வெப்லாக்ஸ்.காம் தளத்துக்காக டேவ் வைனர் உருவாக்கிய பிங் என்ற சின்ன நடைமுறையை மற்றவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வலைப்பதிவுகளைத் தேடித்தரும் டெக்னோரட்டி தளத்துக்குப் பிங் அனுப்பலாம், கூகுளின் வலைப்பதிவுத் தேடலுக்கும் அனுப்பலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுப்புவது தொல்லை என்று 2004-இல் பிங்கோமேட்டிக் வந்தது. அதற்கு ஒரு முறை சொன்னால் அது மற்றவற்றுக்குச் சொல்லிவிடும். இது போதாது என்று நினைத்தவர்களுக்காக, 'இந்தப் பிங் முகவரிகளை எல்லாம் ஒட்டுங்கள், வாசகர் குவிவார்கள்' என்ற நீளமான பட்டியல்கள் உலவின. ஒருவர் பட்டியலை இன்னொருவர் நகலெடுத்து, நாலைந்து முகவரியைச் சேர்த்து மறுபடி வெளியிடுவார்.

பெரியவரும் அப்படி ஒரு பட்டியலை ஒட்டினார். தளம் 2010 வாக்கில் வேர்ட்பிரஸ் என்ற, தளம் நடத்தும் மென்பொருளுக்கு மாறியது. அப்புறம் ஹோஸ்டிங் நிறுவனங்கள் மாறின, வார்ப்புருக்கள் மாறின. செட்டிங்ஸில் 'அப்டேட் சர்வீசஸ்' பெட்டிக்குள் இருந்த எழுபதுக்கும் மேற்பட்ட முகவரிகள் மட்டும் மாறவில்லை. தரவுத்தளத்தோடு சேர்ந்து இடம் மாறி இடம் மாறி வந்துகொண்டே இருந்தன. அந்தப் பெட்டியை யாரும் திறந்து பார்த்ததில்லை. திறக்க ஒரு காரணமும் இருக்கவில்லை.

என்ன கவனித்தோம்

புகார் இரண்டு வகையாக வந்தது. முதல் புகார் பெண் ஊழியருடையது. முந்தைய நாள் ஏல விலையை இரவே எழுதி, காலை 5.30, 5.45, 6 மணி என்று நேரம் குறித்து வைப்பார். சில நாட்களில் ஏதாவது ஓர் இடுகை குறித்த நேரத்துக்கு வெளியாகாது. பட்டியலில் அதன் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'மிஸ்டு ஷெட்யூல்' என்று நிற்கும். அவர் ஆறரைக்கு எழுந்து பார்த்துக் கையால் வெளியிடுவார். ஏலத்துக்குக் கிளம்புகிற விவசாயிக்கு ஆறரை மணி விலை உதவாது.

இரண்டாவது, வாசகர்கள் அதே நேரத்தில் பார்த்த 508 என்ற பிழைப் பக்கம். கணக்குக்கு ஒதுக்கப்பட்ட வளம் தீர்ந்துவிட்டது என்பது அதன் பொருள். ஹோஸ்டிங் நிறுவனத்தைக் கேட்டபோது, வருகை கூடிவிட்டது, பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்று பதில் வந்தது. வருகைக் கணக்கில் அப்படி எந்தக் கூடுதலும் இல்லை. இளைஞர் கேச் ப்ளகின் ஒன்றை, அதாவது பக்கங்களை முன்கூட்டியே சேமித்து வைத்துத் தரும் துணை நிரலை, போட்டுப் பார்த்தார். பக்கங்கள் வேகமாகத் திறந்தன, ஆனால் 508 தொடர்ந்தது. தடையாக இருந்தது வாசகருக்குப் போகும் பக்கம் அல்ல என்பதை அதிலிருந்தே ஊகித்திருக்கலாம்.

காலை ஆறு மணிக்குச் சற்றுப் பிறகு ஓடிக்கொண்டிருந்த வேலைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். குறித்து வைத்த வேலைகளை நேரத்துக்கு ஓட்டும் வேர்ட்பிரஸின் கிரான் கோப்பு ஒரே சமயத்தில் பல பிரதிகளாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் தொடங்கிச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. அவை பயன்படுத்திய செயலித்திறன் கிட்டத்தட்ட பூஜ்யம். வேலை செய்யாமல் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கின்றன என்று அர்த்தம். வெளியே போகும் அழைப்புகளைப் பதிவு செய்யும் ஒரு ப்ளகினை நிறுவி ஒரு காலை ஓடவிட்டோம். காரணம் அதில் தெரிந்தது: கேள்விப்பட்டு வருஷக்கணக்கான பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு எதிரே 'நேரம் முடிந்தது' என்ற குறிப்பு.

பிங் எப்படித் தளத்தை அடைத்தது

ஓர் இடுகை வெளியானதும் வேர்ட்பிரஸ் உடனே பிங் அனுப்புவதில்லை. 'பிங் அனுப்ப வேண்டும்' என்று கிரானில் ஒரு வேலையைக் குறித்து வைக்கிறது. அடுத்த முறை யாராவது தளத்தைத் திறக்கும்போது தளம் தன்னையே பின்னணியில் ஒரு முறை அழைத்து அந்த வேலையை ஓட்டுகிறது. பெட்டியில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் 'விரிந்த பிங்' அனுப்பும். அது தோற்றால் அதே முகவரிக்குப் பழைய வகைப் பிங்கை அனுப்பும். ஒவ்வொரு முயற்சிக்கும் காத்திருக்கும் வரம்பு 3 விநாடி. டொமைனே இல்லாத முகவரி என்றால் உடனே தோற்றுவிடும், அதனால் தொந்தரவில்லை. டொமைன் இருந்து, எதிர்ப்பக்கம் எந்தப் பதிலும் சொல்லாமல் கிடக்கும் முகவரிதான் ஆபத்து. இரண்டு முயற்சியும் சேர்த்து அது 6 விநாடியைத் தின்னும். இப்படிப் பத்து முகவரி இருந்தால் ஒரு நிமிடம் போய்விடும்.

ஓர் இடுகைக்கு ஒரு முறை என்றால்கூடச் சமாளித்திருக்கலாம். ஏற்கெனவே வெளியான இடுகையைத் திருத்திச் சேமித்தாலும் இதே வேலை மறுபடி குறிக்கப்படுகிறது. நம் ஊழியரின் பழக்கம், வெளியான பக்கத்தைத் தன் செல்போனில் ஒரு முறை படித்துப் பார்ப்பது. விரலி மஞ்சள் விலை கிழங்கு மஞ்சளுக்கு நேரே போயிருக்கும், திருத்துவார். 'விலை பட்டியல்' என்பதில் ப் விட்டுப்போயிருக்கும், திருத்துவார். குவிண்டால் என்பது கிலோ என்று இருக்கும். ஒவ்வொரு சேமிப்பும் புதிதாக ஒரு பிங் சுற்றைக் கிளப்பும். முந்தைய சுற்று முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது தொடங்கும். கிரானுக்கு ஒரு பூட்டு உண்டு, ஆனால் 60 விநாடி தாண்டினால் அந்தப் பூட்டு காலாவதியாகிவிடும், இன்னொரு பிரதி ஓட அனுமதி கிடைத்துவிடும்.

பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரு கணக்குக்கு ஒரே சமயம் இத்தனை வேலைதான் ஓடலாம் என்று எண்ணிக்கை இருக்கும். காத்திருக்கும் பிங்குகள் அதில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டன. மிச்ச இடத்தில் வாசகர்கள் நெருக்கியடித்தார்கள், 508 வந்தது. தளம் தன்னையே அழைக்கும் அந்தப் பின்னணி அழைப்புக்கும் அதே 508 கிடைத்தது. கிரான் ஓடவில்லை என்றால் நேரம் குறித்த இடுகையும் வெளியாகாது. இரண்டு புகாருக்கும் வேர் ஒன்றுதான்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இளைஞர் பாதுகாப்புக்காக எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பை முன்பே அடைத்து வைத்திருந்தார். நல்ல காரியம்தான். ஒரு தளம் இன்னொன்றுக்கு இணைப்புத் தந்ததை அறிவிக்கும் பிங்பேக் வசதியைத் துஷ்பிரயோகம் செய்து ஆயிரக்கணக்கான வேர்ட்பிரஸ் தளங்களை ஒரே தளத்தின் மீது ஏவிவிட்ட தாக்குதல் 2014-இல் பெரிய செய்தியானது. கோப்பை அடைத்ததால் பிங் வேலையே நின்றுவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். அந்தக் கோப்பு உள்ளே வரும் அழைப்புகளுக்கானது. வெளியே போகும் பிங்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பட்டியலைப் பிரித்தது

முகவரிகளுக்கு ஒவ்வொன்றாகக் கையால் பிங் அனுப்பி, என்ன திரும்பி வருகிறது என்று பார்த்தோம். உயிருள்ள சேவை என்றால் சின்ன எக்ஸ்எம்எல் துண்டு ஒன்று வரும். அதில் பிழை இல்லை என்பதற்கான குறி பூஜ்யமாக இருக்கும், கூடவே நன்றி சொல்லி ஒரு வரி இருக்கும். அப்படிப் பதில் தந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

ஒரு பெரிய பங்குக்கு டொமைனே இல்லை. இன்னொரு பங்கு சத்தமே இல்லாமல் நேரத்தை விழுங்கியது. நான் எதிர்பார்க்காதது மூன்றாவது வகை. அவை 200 என்று, அதாவது 'எல்லாம் சரி' என்று பதில் தந்தன. உள்ளே பார்த்தால் 'இந்த டொமைன் விற்பனைக்கு' என்ற பக்கம், அல்லது எதற்கும் தொடர்பில்லாத ஒரு விளம்பரப் பக்கம். பிங் நிலையைக் காட்டும் ப்ளகின்கள் சிலவற்றில் இவையெல்லாம் பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று தெரியும். 200 வந்தால் அங்கே ஒரு சர்வர் இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம். தகவல் போய்ச் சேர்ந்ததா என்பது அதில் தெரியாது.

பெரிய பெயர்களும் தப்பவில்லை. டெக்னோரட்டி 2014-இல் வலைப்பதிவுகளைப் பட்டியலிடுவதை நிறுத்திவிட்டது. கூகுளின் வலைப்பதிவுத் தேடல் தனிச் சேவையாக இப்போது இல்லை. பட்டியலில் இவற்றின் முகவரிகள் இரண்டு மூன்று வடிவங்களில் இருந்தன.

பெரியவரின் ஆட்சேபம்

பட்டியலை நீக்கலாம் என்றதும் பெரியவர் ஒப்பவில்லை. "தம்பி, ஆரம்பத்துல நமக்கு ஆள் வந்ததே இதுலதானுங்க. இதை எடுத்துட்டா நாம எழுதறது வெளியில யாருக்குத் தெரியும்?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. தளம் வளர்ந்த காலத்தில் அது உண்மைதான். செத்துப்போன முகவரி என்று நாம் ஒதுக்குவதில் ஒன்று யாருக்கோ தகவல் கொண்டுபோய்க்கொண்டிருந்தாலும் இருக்கலாம். "இப்போதைக்கு எடுக்க வேண்டாமுங்க ஐயா. தகவல் போனப்புறம் யார் வந்து பார்க்கறாங்கன்னு ஒரு வாரம் பார்த்துட்டு முடிவு பண்ணலாமுங்க" என்று சொன்னோம். அதற்குச் சம்மதித்தார்.

யார் வந்து பார்த்தார்கள்

பிங் எதைச் சொல்கிறது என்பதைப் பொறுத்தே இதை அளக்க முடியும். அது தளத்தின் பெயரையும் முகப்பு முகவரியையும் சொல்லும். விரிந்த பிங் என்றால் ஓடையின் (புது இடுகைகளைப் படிப்பான்களுக்குத் தரும் ஆர்எஸ்எஸ் கோப்பின்) முகவரியையும் சேர்த்துச் சொல்லும். எந்த இடுகை புதிது என்று சொல்லாது. ஆகவே பிங்கைக் கேட்டுப் பயன்படுத்துகிற சேவை எதுவாக இருந்தாலும் உடனே நம் முகப்புக்கோ ஓடைக்கோ வந்து பார்த்தாக வேண்டும். வந்தால் சர்வரின் லாகில், அதாவது வருகைப் பதிவில், வரி விழும். பிங் போன நேரத்தையும், அடுத்த பத்து நிமிடத்தில் அந்த இரண்டு முகவரிக்கும் வந்த வரிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

ஓடைக்கு வந்தவற்றில், பல தளங்களின் ஓடைகளை ஒரே இடத்தில் படிக்கத் தரும் ஃபீட்லி போன்ற படிப்பான்கள் இருந்தன. ஃபீட்லி தன் அடையாள வரியிலேயே இந்த ஓடைக்கு எத்தனை சந்தாதாரர் என்று எழுதிவிட்டுப் போகும். இந்தத் தளத்தை இன்னும் ஓடை வழியாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் செய்தியாக இருந்தது. ஆனால் இவை தங்கள் சுற்றுக்கு வருபவை. பிங் போகாத நேரத்திலும் அதே இடைவெளியில் வந்துகொண்டிருந்தன. பக்கங்களைத் தேடி எடுத்துப்போகும் தேடுபொறி ஊர்திகளும் அப்படித்தான்.

பிங் போன கையோடு, ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்தது ஒன்றே ஒன்று. பெயர் சொல்லாத ஒரு பாட் (தானியங்கி நிரல்), ஏதோ ஒரு தரவு மையத்து ஐபியிலிருந்து வந்து ஓடையை முழுதாக எடுத்துக்கொண்டு போனது. சற்று நேரத்தில் நம் விலைப் பட்டியல் எழுத்துப்பிழையோடு அப்படியே இன்னொரு விளம்பரத் தளத்தில் தோன்றியது. பிழையோடு என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊழியர் இரண்டு நிமிடத்தில் திருத்திய விரலி விலை, அங்கே திருத்தப்படாமலே கிடந்தது.

பட்டியலை இரண்டாகப் பிரித்து ஒரு நாள் ஒரு பாதிக்கும் மறுநாள் மறுபாதிக்கும் பிங் அனுப்பினோம். அப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனதில் ஒரு முகவரி தனியாக நின்றது. முன்பு ஒரு சிறிய ஆங்கிலத் திரட்டியின் டொமைன் அது. காலாவதியாகி வேறு யாரோ வாங்கியிருக்க வேண்டும். அதை மட்டும் எடுத்துவிட்ட நாட்களில் அந்த பாட் உடனடியாக வரவில்லை.

வாசகர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்ற கணக்கையும் பெரியவருக்குக் காட்டினோம். பட்டியலில் உள்ள எந்த முகவரியிலிருந்தும் ஒருவர்கூட வரவில்லை. கூகுள் வழியாக வருகிறவர்கள் ஒரு பக்கம். மறுபக்கம் வாட்ஸ்அப் குழுக்கள்: யாரோ ஒருவர் இணைப்பை விவசாயிகள் குழுவில் போட்டுவிடுகிறார், அங்கிருந்து வருகிறார்கள். பெரியவர் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, எடுத்துருங்க" என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

பெட்டியில் பிங்கோமேட்டிக் முகவரி ஒன்றை மட்டும் விட்டோம். வேர்ட்பிரஸை நிறுவும்போது முன்னிருப்பாக இருப்பதும் அதுதான். ஒரே ஓர் அழைப்பு, பதிலும் உடனே வருகிறது. அதை விட்டுவைத்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முழுக்க எடுப்பதற்குப் பெரியவருக்கு மனமில்லை, ஒன்று இருப்பதால் நட்டமும் இல்லை.

கிரானை வாசகர் வருகையிலிருந்து பிரித்தோம். வேர்ட்பிரஸின் உள் கிரானை நிறுத்திவிட்டு, ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை அதை நேரடியாக ஓட்டச் சொல்லி அமைத்தோம். விடிகாலையில் யாரும் தளத்தைத் திறக்காவிட்டாலும் 5.30 இடுகை வெளியாகிவிடும். பிங் பிரச்சினையே இல்லாத தளத்துக்கும் இதைச் செய்வேன்.

தேடுபொறிகளுக்குச் சொல்வதில்தான் அதிக விவாதம் நடந்தது. சைட்மேப் என்பது தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிகளுக்குப் பட்டியலிட்டுத் தரும் கோப்பு. பழைய சைட்மேப் ப்ளகின் ஒவ்வொரு சேமிப்புக்கும் கூகுளையும் மைக்ரோசாஃப்டின் பிங் (Bing) தேடுபொறியையும் தட்டிக்கொண்டிருந்தது. கூகுள் அந்த வாசலை மூடப்போவதாக 2023 ஜூனில் அறிவித்து மூடியும்விட்டது, இப்போது 404தான் வருகிறது. மைக்ரோசாஃப்டின் பிங் அதற்கு முந்தைய ஆண்டே மூடிவிட்டது. இது தெரியாமல் ப்ளகின் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்ததால் அதை எடுத்தோம். கூகுளின் இண்டெக்ஸிங் ஏபிஐ வழியாகப் பக்க முகவரியை நேரடியாக அனுப்பினால் தேடலில் உடனே ஏறும் என்று இளைஞர் ஒரு காணொளியில் பார்த்திருந்தார். கூகுள் அதை வேலைவாய்ப்பு அறிவிப்புப் பக்கங்களுக்கும் நேரலைப் பக்கங்களுக்கும் மட்டும்தான் தருகிறது. விலைப் பட்டியலை அந்த வழியில் திணிப்பது விதிமீறல், கணக்குக்கே வினையாகலாம் என்பதால் அந்த யோசனையை விட்டுவிட்டோம்.

ஆக, கூகுளுக்குச் சொல்ல மிஞ்சுவது சைட்மேப்பில் உள்ள 'கடைசியாக மாறிய தேதி'. அந்தத் தேதி உண்மையானது என்று தொடர்ந்து தெரிந்தால் பயன்படுத்துவோம் என்பதுதான் கூகுள் சொல்வது. நம் சைட்மேப்பிலோ எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தேதி, தினமும் இன்றைய தேதி. ஓரப்பட்டையில் 'இன்றைய விலை' பெட்டி மாறுவதால் எல்லாப் பக்கமும் மாறிவிட்டதாக ப்ளகின் எடுத்துக்கொண்டது. 2011-இல் எழுதிய தென்னை ஈரியோஃபைட் சிலந்திக் கட்டுரைகூட இன்று காலை புதுப்பிக்கப்பட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ப்ளகினுக்குப் பதிலாக வேர்ட்பிரஸின் சொந்த சைட்மேப்பை எடுத்துக்கொண்டோம். 6.5 பதிப்பிலிருந்து அதில் மாற்றத் தேதி வருகிறது, அது இடுகையின் உண்மையான தேதி.

பிங் தேடுபொறிக்கு இண்டெக்ஸ்நவ். மைக்ரோசாஃப்டும் யாண்டெக்ஸும் 2021 அக்டோபரில் கொண்டுவந்த நடைமுறை இது. தளத்தின் வேரில் ஒரு திறவுகோல் கோப்பை வைத்துவிட்டு, மாறிய பக்கத்தின் முகவரியையே அனுப்பலாம். ஒரே அழைப்பில் 10,000 முகவரி வரை போகும். ஏற்கும் தேடுபொறிகளில் ஒன்றுக்குச் சொன்னால் மற்றவற்றுக்கும் போய்விடும். பழைய பிங் நடைமுறையைவிட இது எல்லா வகையிலும் மேல், கூகுள் இதில் இல்லை என்பது ஒன்றுதான் குறை. வெளியானதும் உடனே அனுப்பாமல் பத்து நிமிடம் தாமதித்து அனுப்பும்படி வைத்தோம். ஊழியரின் திருத்தங்கள் எல்லாம் அதற்குள் முடிந்துவிடும். விலை சரியாக இருக்கும் நிலையில் ஒரே ஒரு தகவல் போகும். தேடுபொறிக்குத் தவறான விலை போகக் கூடாது என்பதும் இந்தத் தாமதத்துக்குக் காரணம்.

படிப்பான்களுக்காக ஓடையில் வெப்சப் இணைப்பைச் சேர்த்தோம். இது 2018-இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையானது. ஓடை மாறியதும் நாம் ஒரு நடுவத்துக்குச் சொல்கிறோம், சந்தா வைத்திருப்பவர்களுக்கு நடுவம் உடனே தள்ளுகிறது. பழைய திரட்டிக் காலத்துப் பொத்தானின் வேலையை இன்று யாராவது செய்கிறார்கள் என்றால் அது இதுதான்.

வாட்ஸ்அப்பைத் தானியக்கமாக்கலாமா என்றும் பேசினோம். வேண்டாம் என்று முடிவானது. குழுக்களில் இணைப்பைப் போடுவது தெரிந்த மனிதர்கள். இயந்திரம் போட ஆரம்பித்தால் குழு நிர்வாகிகள் வெளியேற்றிவிடுவார்கள் என்றார் ஊழியர். அவரே பல குழுக்களில் இருப்பவர், அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம். பக்கத்தின் மேலே ஒரு பகிர் பொத்தானை மட்டும் பெரிதாக வைத்தோம்.

பின்னர் நடந்தது

508 பிழை அந்த வாரமே நின்றது. காலை இடுகைகள் குறித்த நேரத்திலோ அதிகபட்சம் 5 நிமிடம் தள்ளியோ வெளியாகின்றன. ஹோஸ்டிங் திட்டத்தை உயர்த்த வேண்டியிருக்கவில்லை.

பிங் தேடுபொறியின் ஊர்தி, தகவல் போன சில நிமிடங்களில் அந்தக் குறிப்பிட்ட பக்கத்துக்கே வருவது லாகில் தெரிந்தது. அங்கிருந்து வரும் வாசகர்கள் ஆதியிலிருந்தே குறைவு, இப்போதும் குறைவுதான். கூகுள் வருகையில் இந்த வேலையால் என்று சொல்லும்படி மாற்றம் எதையும் நான் காணவில்லை. பழைய கட்டுரைகளை வீணாகத் திரும்பத் திரும்ப எடுப்பது குறைந்தது, அவ்வளவுதான்.

நகலெடுக்கும் தளம் நிற்கவில்லை. பிங் நின்றதும் உடனடி வருகை நின்றது, ஆனால் ஓடையின் முகவரி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தாமதமாக வந்து எடுத்துப் போகிறார்கள். திருத்திய விலையோடு எடுத்துப் போகிறார்கள் என்பதால், அங்கே படிக்கும் விவசாயிக்காவது சரியான விலை கிடைக்கிறது. ஓடையில் முழு இடுகைக்குப் பதில் சுருக்கம் மட்டும் தந்து பார்த்தோம். இரண்டு மூன்று நாளில் ஓடையில் படிக்கும் பழைய வாசகர்கள் பெரியவருக்கே மின்னஞ்சல் எழுதினார்கள். அவர் சுருக்கத்தை எடுத்துவிட்டார். அவர் முடிவு சரி என்றே நினைக்கிறேன். திருடுகிறவனுக்குப் பயந்து சந்தாதாரரைத் தண்டிக்க முடியாது.

சோதனை நகலில் வந்த சிக்கல்

சில மாதம் கழித்துப் புதிய வார்ப்புரு ஒன்றைச் சோதிக்க, தளத்தின் முழு நகலை ஒரு துணை டொமைனில் ஏற்றினார்கள். நகல் என்றால் இண்டெக்ஸ்நவ் ப்ளகினும் அதில் அடக்கம். துணை டொமைனுக்கும் அது தானாகவே திறவுகோலை உண்டாக்கிக்கொண்டது. சோதனைக்காக இளைஞர் பழைய இடுகைகள் சிலவற்றைத் திறந்து சேமிக்க, அந்த முகவரிகள் எல்லாம் முறைப்படி தேடுபொறிக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு வியாபாரி தொலைபேசியில் கூப்பிட்டு, கொப்பரை விலை ஏன் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அவர் பார்த்தது போன மாதத்து விலை தாங்கிய சோதனைப் பக்கம்.

துணை டொமைனுக்கு உடனே கடவுச்சொல் போட்டோம், ப்ளகினை அணைத்தோம், பிங் வெப்மாஸ்டர் கருவியில் அந்தப் பக்கங்களை நீக்கக் கோரினோம். வேர்ட்பிரஸில் 'தேடுபொறிகள் வேண்டாம்' என்ற தேர்வை இட்டால் அப்டேட் சர்வீசஸ் பெட்டியும் தானாகச் செயலிழக்கும். அந்தத் தேர்வை மட்டும் நம்பிவிட முடியாது, தனி ப்ளகின்கள் அதை மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம். எழுபது முகவரிப் பட்டியலால் வந்த தொல்லை சர்வரோடு முடிந்துவிட்டது. சரியாக வேலை செய்யும் ஒரே ஒரு முகவரியால் வந்த தொல்லை ஒரு வியாபாரியின் கணக்கு வரை போனது.

இனி மாற்றுவது

நகல் எடுக்கும் வேலைக்கு ஒரு வரிசை எழுதி வைத்திருக்கிறார்கள். முதலில் கடவுச்சொல், அடுத்து வெளியே தகவல் அனுப்பும் எல்லா ப்ளகினையும் அணைப்பது, அப்புறம்தான் தரவுத்தளத்தை ஏற்றுவது. இதே போன்ற வேலை மறுபடி வந்தால், நான் பட்டியலைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே லாகைத்தான் திறப்பேன். தகவல் போனபின் யார் வந்தார்கள் என்று ஒரு வாரம் பார்த்தாலே முக்கால்வாசி முடிவு தானாகக் கிடைத்துவிடுகிறது. முகவரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்த உழைப்பில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது.

தகவல் போகும் இடங்களை ஆண்டுக்கு ஒரு முறை, ஹோஸ்டிங் சந்தா புதுப்பிக்கும் மாதத்திலேயே சரிபார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. பொறுப்பு பெண் ஊழியருடையது. பழைய பட்டியலைப் பெரியவர் தன் கணினியில் ஒரு கோப்பாகச் சேமித்து வைத்துக்கொண்டார். தளத்தின் பெட்டியில் இப்போது ஒரே வரிதான் இருக்கிறது.